சாலையின் சுமையை எது இறக்கும்: சரக்கு ரயிலா, ரயிலேறும் லாரியா, பேருந்தா?

சாலையை அகலப்படுத்துவதை இந்த ஒப்பீட்டில் ஒரு மாற்றாகவே நான் சேர்க்கவில்லை. அகலமான சாலை சில ஆண்டுகளில் புதிய வண்டிகளால் நிறைந்துவிடுவதைப் பல நாடுகள் பார்த்துவிட்டன.

முதலில் சரக்கு. லாரியின் பலம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரிய பலம்: ஒரு கிடங்கின் வாசலில் ஏற்றிய சரக்கை இன்னொரு கிடங்கின் வாசலில் இறக்கும்வரை யாரும் தொட வேண்டியதில்லை. அதன் முழுச் செலவு வாடகையில் தெரிவதில்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனையின்படி, ஓர் அச்சின் மீதுள்ள பாரம் இரட்டிப்பானால் சாலையின் தேய்மானம் ஏறத்தாழ 16 மடங்காகிறது. அந்தப் பழுதுச் செலவை லாரியோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களும் வரியாகக் கட்டுகிறார்கள்.

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருள்வதால் ரயிலுக்கு இழுவை ஆற்றல் மிகக் குறைவாகவே போதும்; 740 மீட்டர் நீளமுள்ள ஒரு சரக்கு ரயில் சுமார் 50 லாரிகளின் வேலையைச் செய்யும். ஆனால் கண்டெய்னரை இரு முனைகளிலும் கிரேன் தூக்க வேண்டும், யார்டில் அது காத்திருக்க வேண்டும், அங்கிருந்து கிடங்குக்கு எப்படியும் ஒரு லாரி வர வேண்டும். இந்தச் செலவு 100 கிலோமீட்டருக்கும் 1,000 கிலோமீட்டருக்கும் ஒன்றே என்பதால், ஆலைக்குள்ளேயே தண்டவாளம் போகும் சிமெண்ட், நிலக்கரி போன்றவற்றைத் தவிர, குறுந்தூரத்தில் ரயில் பெரும்பாலும் தோற்றுவிடுகிறது.

இரண்டுக்கும் நடுவே நிற்பது லாரியையே ரயிலில் ஏற்றும் முறை. கொங்கண் ரயில்வே 1999 முதல் இதை நடத்துகிறது. ஓட்டுநர் சாய்தளத்தின் வழியாக லாரியைத் தட்டை வேகனில் ஏற்றி நிறுத்துகிறார். மலைப்பாதை வளைவுகளில் இரவெல்லாம் கண்விழித்து ஓட்ட வேண்டியவர், லாரியிலேயே கால்நீட்டிப் படுத்துக்கொள்கிறார். அந்த உறக்கத்துக்காகவே எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். இருந்தாலும் எஞ்சின், டயர், சட்டகம் எல்லாவற்றின் எடையையும் சரக்கோடு சேர்த்து ரயில் இழுக்க வேண்டியிருக்கிறது. பாதைக்குரிய உயர வரம்பைத் தாண்டும் லாரி ஏறவும் முடியாது. மலைத்தொடரைக் கடக்கும் தடங்களுக்கு இது பொருந்தும். சமவெளிக்குக் கண்டெய்னரே மேல்.

எதைத் தேர்ந்தாலும் சாலையைப் பயன்படுத்துவதற்கான விலை மாறாமல் சரக்கு இடம் மாறாது என்பதற்கு சுவிட்சர்லாந்தே சான்று. ஆல்ப்ஸைக் கடக்கும் சரக்கை ரயிலுக்கு மாற்ற அங்கு 1994-இல் மக்கள் வாக்களித்தார்கள். எடை, தூரம், புகை ஆகியவற்றைக் கணக்கிட்டு லாரிகளிடம் வசூலிக்கும் கட்டணம் 2001-இல் வந்தது. ஆல்ப்ஸுக்கு அடியில் செல்லும் 57 கிலோமீட்டர் கோத்தார்ட் ரயில் சுரங்கப்பாதை 2016-இல்தான் திறந்தது. 2000-இல் சுமார் 14 லட்சமாக இருந்த லாரிப் பயணங்கள் சுரங்கம் திறக்கும் முன்பே 10 லட்சத்தை ஒட்டி இறங்கிவிட்டன. லாரிகளின் எடை வரம்பு 28 டன்னிலிருந்து 40 டன்னாக உயர்ந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. ஆண்டுக்கு 6.5 லட்சம் என்ற இலக்கை அவர்கள் இன்னும் எட்டவில்லை.

ரயிலின் பலவீனம் 2017 ஆகஸ்ட்டில் வெளிப்பட்டது. ஜெர்மனியின் ராஷ்டாட் அருகே சுரங்கப்பாதைப் பணியின்போது தண்டவாளம் தாழ்ந்துபோக, ரைன் பள்ளத்தாக்குப் பாதை சுமார் ஏழு வாரம் மூடிக் கிடந்தது. போதிய மாற்றுப் பாதை இல்லாததால் சரக்கில் ஒரு பகுதி லாரிக்கே திரும்பியது.

பயணிகள் விஷயத்தில் தீர்ப்பு வேறு. பேருந்தைச் சில மாதங்களில் தொடங்கிவிடலாம், தடத்தையும் மாற்றலாம்; தனி வழி இல்லாவிட்டால் அதுவும் அதே நெரிசலில்தான் நிற்கும். ரயிலுக்கு ஆண்டுகளும் பெருந்தொகையும் வேண்டும். கூட்டம் நிரம்பிய தடத்தில் அதற்கு ஈடில்லை. ஆகவே முதலில் பேருந்தை ஓட்டி, தடம் நிரம்பிய பின் ரயில் என்பதே என் தேர்வு. ரயில் ஏற்கெனவே ஓடும் இடத்தில் இரண்டையும் கால அட்டவணையால் கட்ட வேண்டும்: ரயிலிலிருந்து இறங்குபவர் பையோடு நான்கு எட்டு வைத்தால் பேருந்து நிற்க வேண்டும். புதிய திட்டம் எதைப் படித்தாலும், ரயில் தாமதமானால் அன்றைய கடைசிப் பேருந்து காத்திருக்குமா என்பதைத்தான் நான் முதலில் தேடுகிறேன்.