சொகுசுக் கப்பல் கட்டணம்: எது உண்மையில் மலிவு, எந்த அப்கிரேடுக்குப் பணம் தரலாம்?

பத்து இரவுப் பயணம். ஒரு கப்பலில் ஆளுக்கு 2,200 டாலர், இன்னொரு கப்பலில் ஆளுக்கு 6,000 டாலர். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். முதலாவதை எடுத்தவர் கப்பலில் ஏறிய நாள் முதல் எதற்கெடுத்தாலும் தனி பில்லில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். இரண்டாவதை எடுத்தவர், தான் தொடவே தொடாத வசதிகளுக்கும் சேர்த்துக் கட்டியிருக்கக்கூடும். இந்த இரண்டு தொகைகளும் ஒரே பொருளின் விலை அல்ல. அதனால் கேபின் அழகையும் படங்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் கணக்கைப் போட்டுவிடுவதே நல்லது.

அடிப்படை ஒன்று: கப்பல் கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்றுதான் சொல்லப்படும், அதுவும் ஒரு கேபினில் இரண்டு பேர் தங்குவதாக வைத்து. தனியாகப் போகிறவர் பல சமயம் இரண்டு பேர் கட்டணத்தையே கட்ட வேண்டிவரும். சொகுசு நிறுவனங்கள் சில பயணங்களில் இந்தக் கூடுதல் தொகையை நன்றாகவே குறைக்கின்றன. தனியாகப் போகிறவர்கள் தேதியையும் கப்பலையும் முடிவு செய்வதற்கு முன் தேட வேண்டியது அந்தச் சலுகையைத்தான். துறைமுக வரிகளும் கட்டணங்களும் முன்பெல்லாம் கடைசித் திரையில்தான் தலைகாட்டும். கலிபோர்னியாவில் மறைமுகக் கட்டணங்களுக்கு எதிரான சட்டம் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு, பெரிய நிறுவனங்கள் பலவும் அவற்றை முதல் விலையிலேயே சேர்த்துக் காட்டத் தொடங்கின. ஆனால் எல்லா நாட்டுத் தளங்களிலும் இப்படி இல்லை. இரண்டு தளங்களின் விலையை ஒப்பிடும்போது வரி உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது அந்தப் பத்து இரவை இரண்டு பேருக்குக் கணக்குப் போடுவோம். இவை எடுத்துக்காட்டுக்கான எண்கள்தான், ஆனால் சந்தையில் பார்க்கும் விலைகளுக்கு நெருக்கமானவை. பெரிய கப்பலின் பால்கனி கேபின் 4,400 டாலர். டிப்ஸ் ஆளுக்கு நாளொன்றுக்கு 18 டாலர் என்றால் 360. பானங்கள் பேக்கேஜ் ஆளுக்கு நாளொன்றுக்கு 80 டாலர், அதன் மேல் 18 சதவீத சேவைக் கட்டணம், ஆக 1,888. இணையம் ஆளுக்கு நாளொன்றுக்கு 20 டாலர் வீதம் 400. தனிக் கட்டண உணவகங்களில் நான்கு இரவுகள், 400. ஐந்து துறைமுகங்களில் ஆளுக்கு 100 டாலருக்கு ஒரு சுற்றுலா, 1,000. கூட்டினால் 8,448. எல்லாம் உள்ளடங்கிய சொகுசுக் கப்பலில் அதே இருவருக்கு 12,000. விளம்பரத்தில் 7,600 டாலராகத் தெரிந்த இடைவெளி, உண்மையில் 3,552 டாலர்தான்.

அதே கணக்கில் மதுவைத் தொடாத தம்பதியை வைத்துப் பாருங்கள். 1,888 டாலர் அப்படியே கழிந்துவிடும், இடைவெளி 5,440 ஆகிவிடும். துறைமுகத்தில் இறங்கித் தாங்களே சுற்றிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்னும் விரியும். ‘எல்லாம் உள்ளடங்கியது’ என்பது யாருக்கு லாபம் என்பதை முடிவு செய்வது உங்கள் பழக்கவழக்கம்தான். மது குடிக்காத, கூட்டமாகச் சுற்றுலா போகப் பிடிக்காத ஒருவர், பணத்தை மட்டும் பார்த்தால் சொகுசுக் கப்பலில் ஏறவே கூடாது. அவர் ஏற வேண்டிய காரணம் வேறு. அதற்கு வருகிறேன்.

‘உள்ளடங்கியது’ என்றால் எது எது?

எல்லா சொகுசு நிறுவனங்களும் ஒன்றையே உள்ளடக்குவதில்லை. ரீஜென்ட் செவன் சீஸ் பானங்கள், டிப்ஸ், இணையம் ஆகியவற்றோடு கரைச் சுற்றுலாக்களையும் கட்டணத்திலேயே சேர்க்கிறது. சீபோர்னில் பானமும் டிப்ஸும் உள்ளே, கரைச் சுற்றுலாவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். சில்வர்சீயில் மிகச் சிறிய சூட்டுக்கும் (சாதாரண கேபினைவிடப் பெரிய, வசதியான அறை) பட்லர், அதாவது தனிப் பணியாளர், உண்டு. வைக்கிங்கின் கடல் கப்பல்களில் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு சுற்றுலா, மதிய உணவோடும் இரவு உணவோடும் பீர், வைன், கூடவே இணையம். 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை, சூதாட்டக் கூடமும் இல்லை. நாள் முழுக்கக் குடிப்பவர்களுக்கு அங்கே தனி பேக்கேஜ் இருக்கிறது. இவற்றில் எதன் விலையும் மற்றதன் விலையோடு நேருக்கு நேர் நிற்காது.

விமானப் பயணம் சேர்ந்த கட்டணத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். ‘இலவச விமானம்’ என்றால் வழித்தடத்தையும் நேரத்தையும் பெரும்பாலும் நிறுவனமே முடிவு செய்யும். உங்களுக்குப் பிடித்த விமானத்துக்கு மாற்றக் கேட்டால் மாற்றுக் கட்டணம் வரலாம். விமானம் வேண்டாமென்றால் எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேளுங்கள். அந்தத் தொகையில் நீங்களே நல்ல டிக்கெட் எடுக்க முடிந்தால் அந்த இலவசத்தால் உங்களுக்கு லாபமில்லை.

‘ஒன்றின் விலைக்கு இரண்டு’, ‘60 சதவீதம் தள்ளுபடி’ போன்றவற்றுக்கு இங்கே அதிக இடம் தர விரும்பவில்லை. அடித்துக் காட்டப்படும் அந்தக் கையேட்டு விலையில் எல்லா அறை வகைகளிலும் விற்பனை நடந்திருக்காமல் போகலாம் என்று சில நிறுவனங்களின் விதிமுறைகளிலேயே பொடி எழுத்தில் இருக்கும். தள்ளுபடி சதவீதத்தைப் படிக்காதீர்கள். இரண்டு பேருக்கு ஓர் இரவுக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள், போதும்.

சிறிய சொகுசுக் கப்பலா, பெரிய கப்பலுக்குள் தனி உலகமா?

இது தான் எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு. பெரிய கப்பல்களுக்குள்ளேயே சாவி அட்டை இருந்தால்தான் நுழைய முடிகிற தனிப் பகுதிகள் வந்துவிட்டன. எம்.எஸ்.சி. நிறுவனம் 2008-இல் ஃபேன்டேசியா கப்பலில் யாட் கிளப்பைத் தொடங்கியது: தனி உணவகம், தனி லவுஞ்ச், தனி நீச்சல் தளம், பட்லர், உள்ளடங்கிய பானங்கள். நார்வீஜியன் நிறுவனத்தின் ஹேவனும் இதே வகை, ஆனால் அங்கே பானங்கள் தாமாக உள்ளடங்கிவிடாது. நமது பத்து இரவுக் கணக்கில் இப்படி ஒரு சூட் ஆளுக்கு 5,000 டாலர் என்று வையுங்கள். பானமும் இணையமும் உள்ளே இருந்தால், சூட்டுக்குச் சற்று அதிகமான டிப்ஸ் 400, சுற்றுலா 1,000, ஆக 11,400. சொகுசுக் கப்பலின் 12,000-க்கு மிக அருகில் வந்துவிட்டது. இந்த இடத்தில் விலையை மறந்துவிடலாம். எது வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்கு உதவும். கப்பலின் மொத்தக் கொள்ளளவை, அதாவது கிராஸ் டன்னேஜை, இருவர் வீதம் தங்கும் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று தெரியும். டன் என்று பெயர் இருந்தாலும் அது எடையைக் குறிப்பதல்ல, உள்ளிருக்கும் கன அளவைக் குறிக்கும். 2016-இல் வந்த செவன் சீஸ் எக்ஸ்ப்ளோரர் 55,000-க்குச் சற்று மேல், பயணிகள் 750, ஆக சுமார் 74. 2024-இல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் 248,663, பயணிகள் 5,610, ஆக சுமார் 44. பெரிய கப்பலில் யாட் கிளப் போன்ற பகுதியில் இருக்கும்வரை உங்களைச் சுற்றி இடம் தாராளம். ஆனால் துறைமுகத்தில் இறங்கும் வரிசை, அரங்கம், கரையில் கூடும் கூட்டம் எல்லாம் எல்லோருக்கும் பொதுவானவை. 750 பேர் கப்பல் கரையை ஒட்டும்போது இறங்குவது பெரிய வேலையே இல்லை, பெரிய கப்பல்கள் நுழைய முடியாத சின்னத் துறைமுகங்களுக்கும் அது போகும். மது குடிக்காதவர்கூடச் சொகுசுக் கப்பலுக்குப் பணம் தரலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்: அமைதி, இடம், துறைமுகங்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பெரிய கப்பலின் தனிப் பகுதிதான் சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீர்ச்சறுக்கு, விளையாட்டுக் கூடம், சிறுவர் மன்றம் எல்லாம் வெளியே இருக்கும், அமைதி வேண்டும்போது கதவுக்குள் வந்துவிடலாம். பெரியவர்கள் மட்டும், அதுவும் புதுப்புது ஊர்களைப் பார்க்கவே போகிறார்கள் என்றால் சிறிய கப்பல்.

அப்கிரேடு: எது மாறுகிறது என்று கேளுங்கள்

‘இரண்டு வகை மேலே இலவச அப்கிரேடு’ என்று ஒரு சலுகை வரும். கப்பலின் தள வரைபடத்தைத் திறந்து பாருங்கள். பல கப்பல்களில் ஒரே அளவு, ஒரே அமைப்பு உள்ள பால்கனி கேபின்களுக்கே ஐந்தாறு குறியீடுகள் இருக்கும், வித்தியாசம் எந்தத் தளம், முன்னாலா பின்னாலா என்பது மட்டும். இரண்டு குறியீடு மேலே போனால் அதே கட்டிலில்தான் படுப்பீர்கள், சில மீட்டர் உயரத்தில். சில சமயம் அது இறக்கமும்கூட. நீச்சல் தளத்துக்கு நேர் கீழே உள்ள கேபினில், விடிவதற்கு முன்பே ஊழியர்கள் சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசைப்படுத்தும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். கப்பலின் முன்பக்கம் போனால் கரை ஒட்டும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் உந்திகளின் அதிர்வு, நடுக்கடலில் நிறுத்தினால் நங்கூரச் சங்கிலியின் சத்தம். குமட்டல் வருகிறவர்களுக்கு நடுப்பகுதியில் கீழ்த்தளத்து அறைதான் நல்லது, ஏனென்றால் ஆட்டம் முனைகளிலும் உயரத்திலும் அதிகம். அவர்களை ‘மேலே’ அனுப்புவது உபகாரமே இல்லை.

பணம் தரத் தகுந்த அப்கிரேடு, அறையோடு உரிமைகளையும் மாற்றுவது. இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு கியூனார்டு. குயின் மேரி 2 போன்ற கப்பல்களில் நீங்கள் எந்த அறையில் தங்குகிறீர்கள் என்பதுதான் எந்த உணவகத்தில் சாப்பிடுவீர்கள் என்பதையும் முடிவு செய்கிறது. சாதாரண வகையான பிரிட்டானியா அறையிலிருந்து மேல் வகைகளான பிரின்சஸ் கிரில்லுக்கோ குயின்ஸ் கிரில்லுக்கோ போனால் தனி உணவகம், தனி லவுஞ்ச், தனித் திறந்த மாடம். ஒவ்வொரு நாளும் மூன்று வேளை அந்த வித்தியாசம் தெரியும். முற்றிலும் சூட்களே உள்ள சிறிய சொகுசுக் கப்பலில் நிலைமை நேரெதிர்: மிகச் சிறிய சூட்டில் இருப்பவரும் பெரிய சூட்டில் இருப்பவரும் பெரும்பாலும் ஒரே உணவகங்களில்தான் சாப்பிடுவார்கள், குடிப்பதும் அதே வைன்தான். மேலே போனால் கிடைப்பது முக்கியமாகச் சதுர அடி, சில இடங்களில் பட்லர், முன்னுரிமை முன்பதிவு. ஆகவே சிறிய சொகுசுக் கப்பலில் கீழ் வகை சூட்டை எடுங்கள். பெரிய கப்பலில் எடுப்பதானால் தனிப் பகுதிக்குள் போங்கள், அல்லது சாதாரண பால்கனியோடு நில்லுங்கள். இரண்டுக்கும் நடுவில், எந்த உரிமையும் சேராமல் அறை மட்டும் பெரிதாகிற வகைகளுக்குத்தான் பணம் அதிகம் வீணாகிறது.

ஏலம், ‘கேரண்டி’, தொலைபேசி

ராயல் கரீபியனின் ‘ராயல்அப்’, செலிபிரிட்டியின் ‘மூவ்அப்’, நார்வீஜியனின் ‘அப்கிரேடு அட்வான்டேஜ்’ எல்லாம் ஏல முறைதான். மேல் வகைக்கு இவ்வளவு தருகிறேன் என்று நீங்கள் சொல்ல வேண்டும். திரையில் ஒரு முள் ‘பலவீனம்’ முதல் ‘வலிமை’ வரை நகரும். அது உங்கள் தொகையை அளக்கிறதே தவிர, எத்தனை சூட் காலியாக இருக்கிறது என்று சொல்வதில்லை. அதை நம்பி ஏற்றிக்கொண்டே போக வேண்டாம்.

பலரும் கவனிக்காத விஷயம்: அங்கே காட்டுவது ஆளுக்கான தொகை. 600 என்று நிறுத்தினால் உங்கள் கார்டில் 1,200 போகும். தனியாகப் பயணிப்பவருக்கும் பொதுவாக இரண்டு பேர் தொகைதான். கேபினில் மூன்றாவது, நான்காவது ஆள் இருந்தால் ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்களில் ஏலத்தொகை முதல் இருவருக்கு மட்டும், அதனால் நான்கு பேர் குடும்பத்துக்கு ஏலம் நல்ல வழி. ஏற்கப்படும்வரை தொகையை மாற்றலாம், விலக்கிக்கொள்ளலாம். ஏற்ற நொடியில் பணம் போய்விடும், திரும்ப வராது. எந்த அறை என்று தேர்ந்தெடுக்க முடியாது. நன்றாகப் பார்த்துப் பிடித்த நடுப்பகுதி கேபினை விட்டுவிட்டு எங்கேயோ போக நேரலாம். சூட்டுக்கான நாளாந்த டிப்ஸும் சற்று அதிகமாக இருக்கும்.

எனவே என் உச்சவரம்பு இப்படி: அந்த மேல் வகை இன்று என்ன விலைக்கு விற்கிறது என்று பாருங்கள், நீங்கள் கட்டியதைக் கழியுங்கள், மிச்சத்தில் பாதிக்கு மேல் ஏலத்தில் வைக்க வேண்டாம். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும், பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையையும் இழக்கிறீர்கள், அதற்கு விலை உண்டு. சூட் கிடைக்காவிட்டால் பயணமே கசந்துவிடும் என்றால் ஏலம் வேண்டாம், முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

‘கேரண்டி’ கேபின் வேறு வகை. வகையை மட்டும் நீங்கள் சொல்கிறீர்கள், எந்த அறை என்பதை நிறுவனம் பின்னால் முடிவு செய்யும். வகைக்குக் கீழே போக மாட்டார்கள், மேலே தூக்கினாலும் தூக்கலாம். அந்தத் ‘தூக்கலாம்’ என்பதற்காக எடுக்காதீர்கள். அந்த வகையில் மிக மோசமான இடத்தில் உள்ள அறை கிடைத்தாலும் சரி என்றால் மட்டும் எடுங்கள்.

தொலைபேசியில் வரும் அழைப்புதான் பல சமயம் மூன்றிலும் நல்லது. முழுத் தொகையையும் கட்டிய பிறகு விற்காத சூட்கள் மீந்திருந்தால் நிறுவனமோ முகவரோ நிலையான விலை சொல்லிக் கேட்பார்கள். ஏலம்போல ஊகிக்க வேண்டாம், அறை எண்ணைக் கேட்கலாம், வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுகிறேன் என்று சொல்லலாம்.

இதற்கெல்லாம் முன்பு ஒரு தேதி இருக்கிறது: முழுத் தொகை கட்ட வேண்டிய கடைசி நாள். பெரிய கப்பல்களில் பெரும்பாலும் பயணத்துக்கு 90 நாட்களுக்கு முன், சொகுசு நிறுவனங்களில் 120 அல்லது 150 நாட்கள்கூட. அதுவரை அதே கேபினின் விலை இறங்கினால் பல நிறுவனங்கள் கேட்டால் குறைத்துக்கொடுக்கும், தாமாக முன்வந்து தர மாட்டார்கள். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன் விலையை மீண்டும் பாருங்கள். மேல் வகையின் விலை அப்போது இறங்கியிருந்தால் வித்தியாசத்தைக் கட்டி, அறையையும் தேர்ந்தெடுத்து, முறையாக மாறிவிடலாம். அப்படி வாங்கிய சூட்டுக்குப் புக்கிங் சலுகைகள் முழுதாகச் சேரும். ஏலத்தில் கிடைத்த சூட்டுக்குப் பல இடங்களில், அடிக்கடி பயணிப்பவர்களுக்குத் தரும் விசுவாசப் புள்ளிகள் பழைய கேபினின் கணக்கில்தான் ஏறும்.

அப்கிரேடுக்குக் கட்டிய தொகை பயணக் காப்பீட்டில் தானாகச் சேராது. 12,000 டாலருக்குக் காப்பீடு எடுத்துவிட்டுப் பின்னால் 1,200 கட்டியிருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லித் தொகையை 13,200 ஆக்கிக்கொள்ளுங்கள். முகவர் மூலம் புக் செய்திருந்தால் அவருக்கும் புதிய அறை எண்ணைத் தெரிவித்துவிடுங்கள்.