டின் அயோடைடு மணிகள்: இரண்டு குப்பி வாங்கிய அனுபவம்

ஒளிரும் மெல்லிய படலம் செய்ய டின் அயோடைடை இதுவரை தூளாகத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். இந்த முறை 99.99 சதவீத மணிகள், ஆர்கான் அடைத்த 5 கிராம் குப்பி. காற்றுப் புகாத க்ளவ் பாக்ஸுக்குள் உடைத்ததும் மனசு நிறைந்தது. எல்லா மணியும் ஒரே ஆரஞ்சு சிவப்பு.

காற்றுப் பட்டு டின்னின் ஆக்சிஜனேற்ற நிலை இரண்டிலிருந்து நான்குக்கு மாறினால் படலத்தில் ஹோல்கள், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலி இடங்கள், குவிந்துவிடும். அப்புறம் லேசர் கிளப்பும் எலக்ட்ரான் எதுவும் அவற்றில் விழாமல் நெடுநேரம் தப்பாது. பழைய தூளில் செய்த ஃபார்மமிடினியம் டின் அயோடைடு என்ற குறைகடத்திப் படலத்தின் ஒளி ஒரு நானோசெகண்டுக்குள் அணைந்துவிடும். அந்த மாற்றத்தைத் தடுக்க மணிகளோடு 10 சதவீதம் டின் ஃப்ளூரைடு சேர்த்தேன். 890 நானோமீட்டர் பக்கம் ஒளியின் உச்சி நிமிர்ந்து நின்றது, அது அணையாமல் நீடிக்கும் ஆயுளும் சில நானோசெகண்ட். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புதான், ஆனாலும் திரையில் அந்த வளைவை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டாவது குப்பி வேறு கடையில் வாங்கியது. மூடி தளர்ந்திருந்தது, மணிகளில் வெளிறிய திட்டுகள். “அப்படித்தான் சார் இருக்கும்” என்றார்கள். அதில் செய்த படலம் ஒளிரவே இல்லை, பணமும் திரும்பவில்லை.

விலை அதிகம்தான். இருந்தாலும் உருக்கி மூடிய சின்னக் குப்பியாகவே வாங்குங்கள். திறந்ததை வெளிக்காற்றில் ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள்.