ரொத்-சி: மேட்டுநிலத்துக்குச் சரி, வயலுக்கு வேண்டாம்

"பிள்ளை, போன வருசம் பட்டி அடைச்ச காணிதானே, இந்த முறையும் எரு வேணுமோ?" கிளிநொச்சிப் பக்கம் மேட்டுநிலத்தில் உழுந்து, கச்சான் போடுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி. கையை விரிக்காமல் பதில் சொல்ல உதவுவது, மண்ணில் போட்ட எரு எவ்வளவு உக்கும், எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிடும் ரொத்-சி என்ற கணினி மாதிரி. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்தில் உருவானது. காசில்லை, தரவிறக்கிப் பாவிக்கலாம்.

மாதாந்த மழை, வெப்பநிலை, ஆவியாதல், மண்ணின் களி வீதம், எந்த மாதம் எவ்வளவு எரு, நிலத்தில் பயிர் இருக்கிறதா என்று கேட்கும். சேதனப் பொருளை ஐந்து பங்காகப் பிரித்து உக்கலைக் கணக்கிடும்.

எனக்குப் பெரிதாகப் பட்டது வெப்பநிலைக் கணக்கு. ரொதம்ஸ்ரெட்டின் சராசரி 9 பாகை சொச்சம். அங்கே உக்கும் வேகம் 1 என்றால், ஈரம் இருக்கும்போது நம்முடைய 28 பாகையில் அது 4.4. அங்கே 1852 முதல் 1871 வரை மட்டும் எரு போட்ட ஒரு துண்டு நிலத்தில் அதன் மிச்சம் இன்னமும் தெரிகிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 20 வீதம் களியுள்ள மண்ணில் உக்குகிற காபனில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கிட்டக் காபனீரொட்சைட்டாகப் போய்விடும். அதனால்தான் ஒரேயடியாகக் கொட்டாமல் போகத்துக்குப் போகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொல்கிறேன். பயிர் மூடிய நிலத்தில் வேகம் வெறும் நிலத்தில் இருப்பதன் 0.6 மடங்காகக் குறைவதாக இது எடுத்துக்கொள்கிறது. காணியை வெறுமனே விடாதீர்கள் என்று சொல்ல அதுவும் ஒரு காரணம்.

இந்த மாதிரியின் குறை ஒன்று முக்கியமானது. நுண்ணங்கிகளை இது ஒரு பங்காக எண்ணுகிறதே தவிர, அவை கூடினால் உக்கல் கூடும் என்று பார்ப்பதில்லை. புரட்டாதி வரை காய்ந்து கிடந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் நுண்ணங்கிகள் திடீரென்று விழித்துத் தின்னத் தொடங்கும். பேர்ச் என்ற மண் ஆய்வாளர் 1958இலேயே இதை எழுதிவைத்தார். மாதக் கணக்கில் ஓடும் ரொத்-சியில் அந்தச் சில நாள் வேகம் கரைந்துபோகிறது. நம் மண்ணில் அதுதான் பெரிய விசயம்.

அப்புறம், இரணைமடுத் தண்ணீர் பாயும் நெல்வயலுக்கு இதை ஓட்டவே வேண்டாம். எப்போதும் நீர் தேங்கிய மண்ணுக்குப் பொருந்தாது என்று உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். மாதக்கணக்காகத் தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் ஒட்சிசன் இல்லாமல் நடக்கும் உக்கல் வேறு, அதிலிருந்து மெதேனும் வரும். வைக்கோலை மடக்கி உழுதால் என்ன மிஞ்சும் என்று அறிய வேறு மாதிரிதான் தேட வேண்டும்.