ஃபார்மட் வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகு: நான்கரை வருட லேப்டாப் அனுபவம்

இந்த லேப்டாப் என் கைக்கு வந்தது 2021 ஜூன் மாதம். மலேசியாவில் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு போட்டு, பள்ளியும் டியூஷனும் திரைக்குள் போய்விட்ட காலம். ஈப்போவில், பெரிய அலுவலகங்கள் கழித்துவிட்ட லேப்டாப்புகளைத் துடைத்து விற்கும் ஒரு கடையில் சொல்லிவைத்தேன், கூரியரில் அனுப்பினார்கள். 1,350 வெள்ளி (ரிங்கிட்). 14 அங்குலத் திரை, எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. நான்கரை வருடமாகத் தினமும் வேலை வாங்குகிறேன். தமிழ் டியூஷனுக்குப் பாடக்குறிப்பு, கோயில் கணக்கு, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு விண்ணப்பம், எல்லாம் இதில்தான்.

நான் இருப்பது சுங்கை சிப்புட்டில். ஒருகாலத்தில் ஊரைச் சுற்றி ரப்பர். இப்போது பல இடங்களில் செம்பனை. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைகளுக்கு எந்தக் கோளாறோடு போனாலும் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: “ஃபார்மட் பண்ணிடலாம் டீச்சர்.” அதாவது, உள்ளே இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. அந்தப் பதிலை நம்பி நான் இழந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

2022 கடைசியில் லேப்டாப் ரொம்ப மெதுவாகிவிட்டது. ஒரு ஃபைலைத் திறக்கக் காத்திருக்கும் நேரத்தில் தேநீர் கலந்து எடுத்துவந்துவிடலாம். கடையில் கொடுத்தேன். “படமெல்லாம் எடுத்து வச்சிடுங்க தம்பி” என்று இரண்டு முறை சொன்னேன். அவர்கள் டெஸ்க்டாப்பிலும் டாகுமெண்ட்ஸிலும் இருந்ததை மட்டும் எடுத்துவைத்தார்கள். நான் தனியாக, சி டிரைவுக்குள்ளேயே “லயம்” என்று பெயரிட்டு வைத்திருந்த ஃபோல்டர் போய்விட்டது. பழைய லயத்து வீடுகளை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இடிப்பதற்கு முன்னால், வீடு வீடாக ஆல்பம் இரவல் வாங்கி ஸ்கேன் செய்த 412 படங்கள் அதில் இருந்தன. மலேசிய இந்தியத் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அப்பா பங்கு சேர்ந்த ரசீதுகளும் இருந்தன. ரசீது என்னிடம் இருக்கிறது, மறுபடியும் ஸ்கேன் செய்துகொள்ளலாம். ஆல்பங்கள் என்னுடையவை அல்ல. அந்தக் குடும்பங்களில் பாதிப் பேர் இப்போது கிள்ளானிலும் ஜொகூரிலும் இருக்கிறார்கள்.

மீட்டுத்தரும் ஓர் ஆளிடம் ஈப்போவுக்குக் கொண்டுபோனேன். அவர் நேர்மையாகப் பேசினார். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை அழித்த ஃபைலின் மிச்சம் உள்ளேயே கிடக்குமாம். எஸ்எஸ்டி அப்படியில்லை. அழித்த இடங்களை ‘டிரிம்’ என்ற கட்டளை வழியாக விண்டோஸ் சொல்லிவிட, எஸ்எஸ்டி அவற்றைத் தானே காலி செய்துகொள்ளும். “வந்த உடனே ஆஃப் பண்ணியிருந்தாகூட சந்தேகம்தான் அக்கா” என்றார். காசு வாங்கவில்லை.

ஃபார்மட் செய்து வந்த லேப்டாப் ஆறே வாரத்தில் மறுபடியும் மெதுவானது. அதற்கப்புறம்தான் நானே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு என்பதைத் தொட்டால், கீழே ‘அப் டைம்’ என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். என்னுடையதில் 23 நாள் என்று இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. தினமும் ராத்திரி ஷட்டவுன் செய்துவிட்டுத்தானே படுக்கிறேன்? காரணம் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி. அது இயங்கும்போது ஷட்டவுன் கொடுத்தால், நாம் திறந்து வைத்தவை மூடப்படும். ஆனால் விண்டோஸின் உள்மையப் பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்து, மறுநாள் அதையே எடுத்து வைத்துக்கொள்ளும். சீக்கிரம் திறப்பதற்கான ஏற்பாடு. அதனால் உள்ளே சேர்ந்த சிக்கல் நாள்கணக்கில் தொடர்ந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் முழுதாக மூடிப் புதிதாகத் தொடங்கும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தாலும் முழுதாக மூடும்.

ரீஸ்டார்ட் கொடுத்தேன். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. மீதிப் பாதி அதே டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பக்கத்தில் இருந்தது. திறந்தவுடன் தானாக ஓடும் பதினான்கு செயலிகளில் பதினொன்றை நிறுத்தினேன். பிறகு கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், பவர் பட்டன் என்ன செய்யவேண்டும் என்று கேட்கும் இடத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் எடுத்துவிட்டேன். எஸ்எஸ்டி இருப்பதால் திறக்க ஆறேழு விநாடிதான் கூடியது. ஒரு ரீஸ்டார்ட்டில் சரியாகியிருக்கக்கூடிய விஷயத்துக்கா அந்த 412 படங்களைக் கொடுத்தேன் என்று அன்று ராத்திரி நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

அடுத்த பெரிய கோளாறு 2023 தீபாவளிக்கு வந்தது. மகள் வீட்டுக்குக் கிள்ளானுக்குப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பினேன். லேப்டாப் சார்ஜ் முழுதாக இறங்கிக் கிடந்தது. சார்ஜ் போட்டுத் திறந்தால் எந்த இணையத்தளமும் வரவில்லை. இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று எல்லாத் தளமும் எச்சரித்தது, வங்கித் தளம் உட்பட. வைரஸ் என்றுதான் நினைத்தேன். பக்கத்துவீட்டு அக்காவும், “யாரோ உள்ள புகுந்துட்டான், கார்டை எல்லாம் நிறுத்து” என்று பயமுறுத்தினார். மாணவி ஒருத்தியின் விண்ணப்பத்தைச் சரிபார்க்க அன்றுதான் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பிள்ளைதான் திரையின் மூலையைக் காட்டி, “டீச்சர், ஏன் 2018 காட்டுது?” என்றாள்.

தேதிதான் கோளாறு. பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கும், அதற்கு ஆரம்ப நாளும் முடிவு நாளும் உண்டு. லேப்டாப் 2018இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால், 2023இல் வாங்கிய சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. நம்பாது. செட்டிங்ஸில் தேதியைக் கையால் திருத்தி, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சேர்த்துப் போட்டிருக்கும் நேர வலயத்தைத் தேர்ந்து, ‘சிங்க் நவ்’ அழுத்தியதும் எல்லாத் தளமும் திறந்தது. (உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கும் இந்தக் கணக்கு தீபகற்ப மலேசியாவுக்கு 1982 ஜனவரி முதல் தேதிதான் வந்தது. அதுவரை ஏழரைதான். கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளிவைத்ததை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.) தேதி மறுபடியும் பின்னால் போகாமல் இருக்க, உள்ளே கடிகாரத்தை ஓட்டும் காசு வடிவ பேட்டரியை மாற்றவேண்டும். அதை மட்டும் கடையில் கொடுத்து மாற்றினேன், 35 வெள்ளி. கொடுப்பதற்கு முன் ஒரு தாளில் ‘பேட்டரி மட்டும், ஃபார்மட் கூடாது’ என்று எழுதி மூடிமேல் ஒட்டினேன். இன்றும் அந்தத் தாள் பையில் இருக்கிறது.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே வரும் தொல்லைகள் இவை.

விண்டோஸிலேயே தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் இருக்கின்றன, தனியாக எதுவும் போடவேண்டியதில்லை. அஞ்சல் நம் நாட்டு முத்து நெடுமாறன் கொடுத்தது. நான் அஞ்சலில் பழகியவள். விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்த்துத் தட்டினால் மொழி மாறும். அங்கேதான் ஆபத்து. ஒருநாள் காலையில் கடவுச்சொல்லை ஏற்கவே மாட்டேன் என்றது. ஐந்து முறை, ஆறு முறை. கறுப்புப் புள்ளிகளாகத் தெரிவதால் என்ன விழுகிறது என்று தெரியவில்லை. ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்திப் பார்த்தேன். கட்டத்துக்குள் தமிழ் எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. முதல்நாள் ராத்திரி தமிழில் விட்டுவிட்டு மூடியிருக்கிறேன். கீழ் மூலையில் மொழியை மாற்றியதும் திறந்துவிட்டது. கடவுச்சொல் மறந்துபோனதாக நினைத்து லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் அந்த மூலையைப் பாருங்கள்.

இன்னொன்று எழுத்துரு. ஃபார்மட்டுக்குப் பிறகு, பென் டிரைவில் இருந்த பழைய கோயில் மலர் ஃபைல்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் திறந்தன. “ஃபைல் கெட்டுப்போச்சு” என்றார்கள். கெடவே இல்லை. எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்த எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்தோம். அந்த எழுத்துரு லேப்டாப்பில் இல்லையென்றால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரியும். அதே எழுத்துருவை மறுபடியும் போட்டதும் ஒவ்வொரு வரியும் தமிழாக எழுந்து நின்றது. பிறகு எழுத்துரு மாற்றும் செயலி ஒன்றின் மூலம் எல்லாவற்றையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு வாரம் பிடித்தது. இன்னும் பழைய எழுத்துருவில் சங்கக் கூட்டக்குறிப்புகள் வைத்திருக்கும் செயலாளர்கள் இதை இந்த வருடமே செய்துவிடவேண்டும்.

சிறியவற்றை வேகமாகச் சொல்கிறேன். போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்கிறவர்கள் அந்த இணைப்பை ‘மீட்டர்ட்’ என்று குறித்துவையுங்கள். பெரிய அப்டேட்டுகள் பெரும்பாலும் உங்கள் டேட்டாவை எடுக்காது. வைஃபை அடிக்கடி அறுந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் பவர் பக்கத்தில் மின்சாரம் மிச்சப்படுத்த அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். எனக்கு அதோடு நின்றது. வகுப்பில் கேமரா கறுப்பாக இருந்தால், முதலில் லென்ஸை மூடும் சின்னத் தகட்டைத் தடவிப் பாருங்கள், பிறகு பிரைவசி செட்டிங்ஸ்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிகிறது என்றதும் புதுசு வாங்கச் சொன்னார்கள். பரிசோதிக்கும் செயலியும் என் லேப்டாப் விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை என்றது. காரணத்தைப் படித்தால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லையாம். எட்டாம் தலைமுறை ஐ5 தகுதிப் பட்டியலில் இருக்கிறது, சிப்பும் உள்ளே இருக்கிறது. முன்னே வைத்திருந்த அலுவலகம் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) அதை அணைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். செக்யூரிட்டி பக்கத்தில் போய் இயக்கினேன். ஆகஸ்ட்டிலேயே விண்டோஸ் 11 ஏறிவிட்டது.

ஆனால் பயாஸில் கைவைப்பதற்கு முன், டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்தாகவேண்டும். என் மாணவன் ஒருவனுடைய லேப்டாப்பில் இதேபோல் எதையோ மாற்ற, நீலத்திரை வந்து பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்டது. 48 இலக்கம். டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதே அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புது லேப்டாப்பைத் தொடங்கும்போது அது தானாகவே பூட்டிக்கொண்டு, சாவியை அந்தக் கணக்கில் சேமித்து வைப்பதுண்டு. யாருடைய கணக்கு? அவன் அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர், அவருக்குக் கணக்கே கிடையாது. யோசித்து யோசித்து, லேப்டாப்பை வாங்கிக்கொடுத்து முதலில் திறந்தது ஜொகூர் பாருவில் இருக்கும் அண்ணன் என்று நினைவு வந்தது. ராத்திரி ஒன்பதரைக்கு அண்ணன் போனில் வாசிக்கிறார், ஆறு ஆறு இலக்கமாக எட்டு கட்டு. அப்பா தாளில் எழுதுகிறார், பையன் தட்டுகிறான். ஐந்தாவது கட்டில் ஒரு ஏழு ஒன்றாகக் கேட்டு, திரும்பவும் முதலிலிருந்து. கடைசிக் கட்டு முடிந்து டெஸ்க்டாப் வந்தபோது அந்த மனிதர் எழுதிய தாளை மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தார். அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

லேப்டாப்பின் இன்றைய நிலை: விண்டோஸே தரும் பேட்டரி அறிக்கையில், புதிதில் 50,000 மில்லிவாட் மணி பிடித்தது இப்போது 31,000 பிடிக்கிறது. இரண்டரை மணி நேரம் வருகிறது. அடுத்த வருடம் பேட்டரி மாற்றுவேன். கீழ் வரிசையில் ஒரு விசை தேய்ந்துவிட்டது. வேறு குறை இல்லை. ஃபார்மட் 2022இல் செய்ததுதான், அதற்கப்புறம் ஒரு முறைகூட இல்லை.

லயத்துப் படங்களில் 31 திரும்பி வந்திருக்கின்றன. ஸ்கேன் செய்த காலத்தில் அந்தந்த வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன், அவர்கள் போனில் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அளவு சுருங்கிப்போன படங்கள், முகம் தெரிகிறது, பின்னால் பலகையில் எழுதியிருந்த வீட்டு எண் தெரியவில்லை. இந்தமுறை டாகுமெண்ட்ஸுக்குள் ஒன்று, வெளி டிஸ்கில் ஒன்று, கிள்ளானில் மகளிடம் ஒன்று. போன வாரம் ஜொகூரிலிருந்து ஓர் அம்மா அழைத்து, ஆல்பம் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது, தைப்பூசத்துக்கு வரும்போது எடுத்துவருகிறேன் என்றார்.