டைம்ஷேர்: விற்பனைக் கூட்டமா, மறுவிற்பனையா, வாடகையா?

ரிசார்ட்டில் வருடத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையைப் பல வருடங்களுக்குச் சேர்த்து வாங்குவதுதான் டைம்ஷேர். அப்படித் தங்க ஆசைப்படுபவருக்கு மூன்று வழிகள் உண்டு. நிறுவனத்தின் விற்பனைக் கூட்டத்துக்குப் போய்ப் புதிதாக வாங்கலாம். ஏற்கெனவே வாங்கியவர் விற்கும்போது வாங்கலாம். எதையும் வாங்காமல், உரிமையாளர் போகாத வாரத்தை வாடகைக்கு எடுக்கலாம். மூன்றிலும் தங்குவது அதே அறையில்தான்.

கூட்டத்துக்கு அழைப்பே பரிசோடுதான் வரும்: இலவசத் தங்கல், கூப்பன், ஏதோ ஒன்று. 90 நிமிடம் என்பார்கள். அதையும் தாண்டி இழுப்பது சகஜம். கணவன், மனைவி இருவரும் வர வேண்டும் என்பார்கள். 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று யாரும் எழுந்துவிடக் கூடாதே! ஹோட்டலுக்கு ஆகும் செலவைக் கேட்டு, அதை 20, 30 வருடத்துக்குப் பெருக்கிக் காட்டுவார்கள். வருடா வருடம் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும் என்பதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். வேண்டாம் என்றால் மேனேஜர் வருவார், விலை இறங்கும். அப்போதும் வேண்டாம் என்றால், பரிசு வாங்கப் போகும் இடத்தில் சின்ன பேக்கேஜ் ஒன்றை நீட்டுவார்கள். 'இந்த விலை இன்றைக்கு மட்டும்' என்ற அவசரம்தான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. பல வருடம் கட்டிப்போடும் ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க விடாதது அநியாயம்.

அந்தப் பரிசுக்கும் விற்பவரின் கமிஷனுக்கும் ஆகும் பணம் புது விலைக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் மறுவிற்பனையில் விலை அடியோடு விழுகிறது. ஆனால் பராமரிப்புக் கட்டணம் அங்கேயும் அதேதான். பாயிண்ட்ஸ் முறையில் (குறிப்பிட்ட வாரத்துக்குப் பதில், தங்கலுக்கு மாற்றிக்கொள்ளும் புள்ளிகளை வாங்குவது) சில சலுகைகள் இரண்டாவதாக வாங்குபவருக்குக் கிடைக்காமல் போகலாம். பழைய கட்டண பாக்கி இருக்கிறதா என்று ரிசார்ட்டிடமே கேட்டுவிடுங்கள்.

வாடகைதான் என் தேர்வு. பல உரிமையாளர்கள் பராமரிப்புக் கட்டணம் திரும்பி வந்தால் போதும் என்று கொடுக்கிறார்கள். பிடிக்கவில்லையா, அடுத்த வருடம் வேறு இடம். பள்ளி விடுமுறை வாரங்கள் கிடைப்பது மட்டும் கஷ்டம். முழுப் பணத்தையும் கொடுக்கும் முன், முன்பதிவு உங்கள் பெயரில் மாறிவிட்டதா என்று ரிசார்ட்டைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

சரி, பரிசுக்காகவே கூட்டத்துக்குப் போகலாமா? இருவரும் கடைசிவரை 'வேண்டாம்' என்று சொல்லக்கூடியவர்கள் என்றால் போகலாம். ஒருவர் இளகினாலும் சிக்கல்தான்.

கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் உடனே ரத்து காலத்தை, அதாவது ஒப்பந்தத்தை ரத்து செய்ய எத்தனை நாள் அவகாசம் என்பதை, பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 14 நாள். அதற்குள் விற்பவர் முன்பணமே வாங்கக் கூடாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: ஃபுளோரிடாவில் 10 நாள், நெவாடாவில் 5 நாள். போனில் சொன்னால் போதாது. ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு எழுத்தில் அனுப்பி, அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.