வரிக் கணக்கை வெளி ஆபீஸில் விடுவதா, கம்பெனிக்குள்ளேயே பார்ப்பதா?

எங்களுடையது ராணிப்பேட்டையில் ஒரு நடுத்தர டேனரி (தோல் பதனிடும் ஆலை), பிரைவேட் லிமிடெட். பல வருடம் மாதாமாதம் பில் கட்டை வேலூரில் ஒரு கணக்கு ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம். ஜிஎஸ்டி, டிடிஎஸ் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். இப்போது இரண்டு வருடமாக உள்ளேயே ஆள் வைத்திருக்கிறோம். இரண்டையும் பார்த்தாயிற்று. எங்கள் மாதிரி உற்பத்திக் கம்பெனிக்கு உள்ளே ஆள் இருப்பதுதான் சரி.

வெளி ஆபீஸில் செலவு குறைவு, சட்டம் மாறினால் உடனே தெரியும், ஒருவர் லீவு போட்டாலும் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), 20ஆம் தேதி 3பி (வரி கட்டும் மாத ரிட்டர்ன்) நிற்காது. ஆனால் உங்கள் பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடும் ஆடிட்டரே கணக்கும் எழுதித் தரக்கூடாது, கம்பெனிச் சட்டம் 144ஆவது பிரிவில் தடை இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை.

என்னை மாற வைத்தது, பில்லை எப்போது பார்க்கிறோம் என்ற ஒரே விஷயம். ஒரு ஜூன் மாதம் 4,80,000 ரூபாய்க்கு கெமிக்கல் வாங்கினோம், ஜிஎஸ்டி 86,400. சரக்கு ட்ரம்மில் ஏறி, பணமும் முழுசாகப் போய்விட்டது. விற்றவர் எங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போடாமல் சில்லறை விற்பனை மாதிரி காட்டியிருந்தார், அதனால் அந்த பில் எங்கள் 2பியில் (விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் தரும் பட்டியல்) வரவே இல்லை. 2பியில் இல்லாத பில்லுக்கு கிரெடிட் (வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்டும் வரியில் கழிப்பது) எடுக்கக்கூடாது என்பது 2022 ஜனவரியிலிருந்து சட்டம். ஆனால் 3பியில் அந்த 86,400 ரூபாயும் கிரெடிட்டாக ஏறியிருந்தது. அடுத்த வருடம் டிசம்பரில், ஆண்டு ரிட்டர்ன் போடும்போதுதான் தெரிந்தது. விற்றவர் அதைத் திருத்துவதற்கான கெடு நவம்பர் 30. 18 சதவீத வட்டியோடு திருப்பிக் கட்டினோம்.

இப்போது 14ஆம் தேதி 2பி வந்ததும் எங்கள் ஆள் அதைக் கொள்முதல் பதிவோடு வரிவரியாக ஒப்பிடுகிறார். 2பியில் பில் வராதவருக்குச் சரக்கின் விலையை மட்டும் கொடுத்துவிட்டு வரித் தொகையைப் பிடித்து வைக்கிறோம். முழுப் பணத்தையும் பிடிக்க முடியாது, ஏனென்றால் உற்பத்தி செய்து விற்கும் மைக்ரோ, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தாண்டினால் வருமான வரிக் கணக்கில் பணம் கொடுத்த வருடத்தில்தான் அது செலவாக ஏறும், 2023-24இலிருந்து இப்படி. யார் சிறு நிறுவனம், யார் வெறும் வியாபாரி என்பது பர்ச்சேஸ் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

ஜாப் ஒர்க்கும் (நம் சரக்கை வெளியே கொடுத்து வேலை செய்து வாங்குவது) அப்படித்தான். வெட் ப்ளூவை (குரோமில் பதனிட்ட ஈரத் தோல்) ஸ்ப்ளிட்டிங்குக்கு (கனத்தைப் பிளப்பதற்கு) வெளியே அனுப்பினால் ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும், வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். அந்த டெலிவரி சலான் புத்தகம் கேட்டில் வாட்ச்மேன் மேஜை மேல் கிடக்கிறது. வேலூரில் உட்கார்ந்திருப்பவர் அதை எப்படிப் பார்ப்பார்?

உள்ளே ஆள் வைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. பில் ஏற்றுபவரே பணம் அனுப்பவும் செய்தால் தப்பு வெளியே வராது. எங்களிடம் ஏற்றுபவர் ஒருவர், ஒப்புதல் தருவது நான். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் எடிட் லாக் கட்டாயம், அதை அணைக்கவும் கூடாது. மாதம் ஒருமுறை உட்கார்ந்து அதைப் புரட்டுங்கள், எந்தத் தேதி பில்லை யார் பின்னால் போய் மாற்றினார் என்று தெரிந்துவிடும். ஆள் கிடைப்பது கஷ்டம், சம்பளமும் வெளி ஆபீஸ் ஃபீஸைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது.

வெறும் சாஃப்ட்வேர் வாங்கிவிட்டால் போதும் என்பவர்களும் உண்டு. அது ஒப்பிட்டுக் காட்டும், விற்றவருக்கு போன் போடாது.

எங்களுக்கு வேறு மாநிலத்தில் கிளை இல்லை. பல மாநிலப் பதிவு வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஆள் போதுமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. சின்ன கடை, மாதம் இருபது பில் என்றால் வெளி ஆபீஸே போதும். நாங்கள் மாறியபோது முதல் ஆறு மாதம் பழைய ஆபீஸையும் விடவில்லை; எங்கள் ஆள் தயாரித்த 3பியை 18ஆம் தேதி அவர்கள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் தாக்கல் செய்தோம்.