முதியோர் இல்லத்தில் மாற்றம்: உத்தரவா, சிறு சோதனையா, வீட்டையே மாற்றுவதா?

நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள் பலவற்றில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பகல் ஷிஃப்டுக்கு வேலை குறையட்டும் என்று, நைட் ஷிஃப்ட்காரர்கள் விடியுமுன்பே முதியவர்களை எழுப்பிக் கழுவித் துடைத்து நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். 'அவரவர் விழிக்கும்போது எழட்டும்' என்று இதை மாற்ற வேண்டும். எந்த வழியில் போனால் நடக்கும்?

முதல் வழி மேலிருந்து வருவது. மேலாண்மை அறிஞர் ஜான் கோட்டர் நிறுவன மாற்றத்துக்காக 1996-ல் முன்வைத்த 8 படிகள்தான் இதன் முகம்: அவசர உணர்வை எழுப்பு, வழிநடத்தும் குழுவைச் சேர், தொலைநோக்கை வகுத்துப் பரப்பு என்று போகும். முதல் படியிலேயே எனக்கு இடிக்கிறது. அழைப்பு மணி ஓயாத இடத்தில் அவசரத்தைப் புதிதாக வேறு உண்டாக்க வேண்டுமா? தொடக்கக் கூட்டம் காலை 11 மணிக்கு நடக்கும். மாற வேண்டிய நைட் ஷிஃப்ட் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். பயிற்சி பெற்ற உதவியாளர்களில் பாதிப்பேர் சீக்கிரமே வேலையை விட்டுப் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் பணம், ஷிஃப்ட் அட்டவணை, சமையலறை நேரம் மூன்றையும் அசைக்கும் அதிகாரம் மேலே மட்டும்தான் இருக்கிறது.

இரண்டாவது, திட்டமிடு, செய், பார், திருத்து என்ற சுழற்சி. தரக்கட்டுப்பாட்டு நிபுணர் ஷ்யூஹார்ட்டின் சிந்தனையில் பிறந்து, அதே துறையின் டெமிங் வழியாகப் பரவியது. ஒரே தாழ்வாரத்தில் நாலு பேரை மட்டும் ஒரு வாரத்துக்கு எழுப்பாமல் விட்டுப் பாருங்கள். எட்டு மணிக்கு வந்த உணவுத் தள்ளுவண்டி ஒன்பதுக்குத் திரும்பிப் போய்விடும். ஒன்பதரைக்கு எழுந்தவருக்குச் சாப்பாடு இல்லை. அதைவிடச் சிக்கல் இன்சுலின். ஊசியைச் சரியான நேரத்துக்குப் போட்டுவிட்டு, சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும். எனவே ஊசியும் உணவும் ஒன்றாக நகர வேண்டும். அதற்கு மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். இரவு முழுக்க நனைந்த டயப்பரோடு கிடந்தால் தோல் புண்ணாகும், ஆகவே 'எழுப்பாதே' என்பது 'பார்க்காதே' ஆகிவிடவும் கூடாது. எந்தத் தொலைநோக்கு அறிக்கையிலும் வராத இந்தச் சங்கதிகள், சோதித்துப் பார்க்கும் ஒரே வாரத்தில் வெளியே வந்துவிடும்.

இதன் பலவீனமும் வெளிப்படை. அக்கறையுள்ள சார்ஜ் நர்ஸ் (ஷிஃப்டுக்குப் பொறுப்பான நர்ஸ்) மாறிப்போனால் தாழ்வாரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பக்கத்துத் தளத்துக்குப் பரவாமலே பல நல்ல சோதனைகள் செத்திருக்கின்றன.

மூன்றாவது வழி இடத்தையே மாற்றிவிடுவது. 1991-ல் நியூயார்க் மாநிலத்தின் சேஸ் மெமோரியல் இல்லத்துக்கு மருத்துவ இயக்குநராகப் போன பில் தாமஸ், இல்லத்தின் சூழலையே மாற்ற 2 நாய், 4 பூனை, 100 கிளிகளை உள்ளே கொண்டுவந்தார். கிளிகள் வந்துவிட்டன, கூண்டுகள் வரவில்லை. அழகு நிலைய அறையில் பறக்கவிட்டுக் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று. (முதியவர்கள் கண்ணாடி வழியே வேடிக்கை பார்த்துச் சிரித்தார்களாம். ஊழியர்களும் சிரித்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.) அவரே பின்னர் தொடங்கிய பசுமை இல்லத் திட்டம், 2003-ல் மிசிசிப்பியின் டூபெலோவில் 10 பேர் வசிக்கும் சிறு வீடுகளாக எழுந்தது. சமையல், துப்புரவு, உடல் பராமரிப்பு எல்லாம் அதே ஊழியர்கள் கையில். அங்கே தள்ளுவண்டியும் இல்லை, அதன் நேரமும் இல்லை. விழித்தவருக்கு அடுப்படி பக்கத்திலேயே இருக்கிறது. பிரச்சினையைத் தீர்ப்பதை விட்டு, அது முளைக்கும் இடத்தையே எடுத்துவிட்டார்கள். எனக்கு மிகப் பிடித்த வழி இதுதான். ஆனால் நீண்ட தாழ்வாரமும் கடனும் உள்ள பழைய கட்டடத்துக்கு இதைப் பரிந்துரைப்பது வெறும் பேச்சு.

ஆகவே பெரும்பாலான இல்லங்களுக்கு என் தேர்வு இரண்டாவது. மேலிடத்திடம் கேட்க வேண்டியவை இரண்டே: அதே உதவியாளர் அதே முதியவர்களைத் தொடர்ந்து கவனிக்கும்படி அட்டவணை, காலை உணவு நேரத்தைத் தளர்த்தச் சமையலறைக்கு உத்தரவு. இந்த இரண்டில் அட்டவணைதான் மிக முக்கியம். தினம் ஆள் மாறினால், யார் எப்போது விழிப்பார் என்பதே யாருக்கும் தெரியாது.

தொற்று பரவும்போதும், முதியவர் மீது கைவைத்ததாகப் புகார் வரும்போதும் மட்டும் இந்தக் கணக்கு மாறும். நாலு பேரிடம் சோதித்துப் பார்க்க அங்கே நேரமில்லை. உத்தரவு அன்றைக்கே எல்லா ஷிஃப்டுக்கும் போக வேண்டும்.